ஐந்தாவது கேள்வி

1. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டுக்குழுவின் சேவியர் ஒரு துண்டுச் சீட்டை மைக்கில் வாசித்தான்: “கண்டாச்சிபுரத்திலேர்ந்து மல்லிகா, வயசு பத்தொன்பது, ‘ஈரத் தீப்பெட்டி’ பாட்டு கேட்டிருக்காங்க.”
2. மல்லிகா அந்த மண்டபத்தில் இல்லை. அந்தப் பாட்டை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.
3. அவளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அதே மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.
4. மூன்று வாரம் கழித்து, திண்டிவனத்தில் அதே குழு பாடிக்கொண்டிருந்தபோது, மல்லிகாவின் அண்ணனும் அந்தத் தாய்மாமனும் மேடை ஏறினார்கள்.
5. சீட்டை எழுதியவர் மேடைக்கு இடப்பக்கம், ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும்.

நடந்து நான்கு வருடம் ஆகிறது. நான் அப்போது படிப்பு முடித்த கையோடு விழுப்புரத்தில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன். அவர் அங்கே வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். நோயாளிகள் ‘சீட்டம்மா’ என்றார்கள், நாங்கள் ‘சீட்டக்கா’ என்றோம். கம்பி வைத்த சிறிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே வரிசையில் கேட்பார்.

“பேரு? ஊரு? வயசு? இன்னா செய்யுது?”

பதில்களை எழுதி, சீட்டைக் கிழித்து, கையில் கொடுப்பதற்குமுன் ஒரு கணம் பிடித்துவைத்துக்கொண்டு ஐந்தாவதாக ஒன்று கேட்பார்.

“பாட்டு பிடிக்குமா?”

காய்ச்சலோடு வந்தவர்களுக்கு அது என்ன கேள்வி என்று விளங்காது. மருத்துவம் சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். கண்டமங்கலத்துப் பெரியவர் ஒருவர், “பிடிக்கும்மா, ஆனா மூணு நாளா பசியில்ல” என்றார். சேர்ந்த புதிதில் எனக்கும் அது நோயாளிகளிடம் காட்டும் அன்பு என்றுதான் பட்டது.

அவருக்குப் பைத்தியம் பாட்டில் இல்லை, சொந்தப் பாட்டில். சினிமாப் பாட்டை யார் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “அது எடுப்புச் சாப்பாடு. வேற ஊட்டு அடுப்புல வெந்தது” என்பார். திண்டிவனத்தில் நான்கு பையன்கள் ‘லெவல் கிராஸிங்’ என்று பெயர் வைத்து, கிடாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு, தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டுப் பாடினார்கள். பல்லவி, சரணம் என்று ஒழுங்காக வராத பாட்டுகள். ஒன்று பாசஞ்சர் ரயில் வராமலே போன ஒரு மத்தியானத்தைப் பற்றியது. இன்னொன்று ‘ஈரத் தீப்பெட்டி’. அதில் பாதிப் பாட்டுவரை குரலே கிடையாது. அந்தப் பாதிக்குத்தான் அவர் எழுந்து நடந்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் போவார். உள்ளங்கையை மரத்தின்மேல் வைத்துக்கொள்வார். “காதுல கேக்கறது பாதிதான் டெக்னீஷியன். மீதி இங்க இருக்குது, தொட்டுப் பாரு.” நானும் தொட்டிருக்கிறேன். கை வழியாக விலா எலும்புக்கு ஏறும்.

புதுச்சேரியில் அவருடைய பெரியம்மா மகள் வீட்டுக்கு ஒருமுறை என்னை அழைத்துப் போனார். அந்த வீட்டு மாப்பிள்ளை பிரான்சில் பட்டாளத்தில் இருந்தார். அங்கே டிவியில் வருகிற பாட்டுப் படங்களைக் கேசட்டில் பதிவு செய்து அனுப்புவார். நிலவறைபோன்ற அறைகளில், ஒற்றை பல்பின்கீழ், தலைமுடி கண்ணை மறைக்க, யாரோ நான்கு பேர் சுவரைப் பார்த்து வாசித்துக்கொண்டிருப்பார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. அக்கா தரையில், திரைக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து, ஒரே கேசட்டை மூன்று முறை திருப்பித் திருப்பிப் போட்டார்.

“பாத்தியா, எதுர்ல கேக்க ஒரு ஆளு இல்ல. ஆனாலும் பாடறான் பாரு.”

பெரியம்மா மகள் உள்ளிருந்து, “உனக்கு ஒரு வார்த்த புரியுதாடி?” என்றாள்.

“கோயில்ல லத்தீன் பூசையில மண்டி போட்டு நின்னியே, உனக்குப் புரிஞ்சுதா?” என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு பையிலிருந்து பயன்படாத சீட்டுகளை எடுத்து, பின்பக்கத்தில் வரிசையாக எழுதினார்: முதலில் கால், அடுத்து டிரம், அடுத்து பல்பு, முகம் கடைசியில். லெவல் கிராஸிங்கை இப்படி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கறுப்பு வெள்ளையில். நான் வரிசை போட்டு வாழ்கிறவள். அந்தச் சீட்டுகளைப் பார்த்த அன்றுதான் அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நிபந்தனைதான்: சினிமாப் பாட்டுதான் பாட வேண்டும், யாராவது சீட்டு எழுதிக் கேட்டால் மட்டும் மற்றதைப் பாடலாம். கூட்டத்திலிருந்து கை மாறி மாறி மேடைக்குத் துண்டுச் சீட்டுகள் போகும், பெயரும் ஊரும் சொல்லி மைக்கில் வாசிப்பார்கள். லெவல் கிராஸிங்குக்கு ஒவ்வொரு கச்சேரியிலும் இரண்டோ மூன்றோ சீட்டு சொந்தப் பாட்டு கேட்டு வந்துகொண்டிருந்தது. முகையூர், கண்டமங்கலம், கண்டாச்சிபுரம் என்று ஊர் ஊராக.

மாசி மாதம் ஒரு மாலை, சேவியர் மேடையில், “முகையூர் கோதண்டம், வயசு நாப்பத்திரண்டு” என்று வாசித்தான். நான் கோதண்டத்தைத் தேடிக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. அன்று காலை பதினோரு மணிக்குக் கோதண்டத்தின் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தவள் நான். மலேரியா. வேட்டியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிப் பெஞ்சில் கிடந்தவர், அன்று மாலையே முப்பது கிலோமீட்டர் வந்து பாட்டுக் கேட்டிருக்க முடியாது. மேலும், பாட்டுக் கேட்கிற எவரும் சீட்டில் வயதை எழுத மாட்டார்கள். வயது எழுதுவது எங்கள் ஜன்னலில்தான்.

வீட்டுக்குப் போய், அதுவரை மேடையில் கேட்டு நினைவிலிருந்த பெயர்களை வரிசையாக எழுதினேன். மறுநாள் லேப் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டேன். ஒன்பது பெயர்களில் ஏழு இருந்தன.

டீ நேரத்தில் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“ஆமா, நான்தான் எழுதறேன். எடது கையால ரெண்டு, பென்சில்ல ஒண்ணு, மாத்தி மாத்தி.”

“நோயாளிங்க பேரு எதுக்குக்கா? ஏதாவது ஒரு பேரை இட்டுக்கட்டி எழுதக்கூடாதா?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டதுபோல் இருந்தது அவர் முகம்.

“இல்லாத ஆளு பேர எழுதுனா பொய்யிம்மா. நான் பொய் எழுத மாட்டேன். இவங்க இருக்கறவங்க. பாட்டு பிடிக்குமான்னு கேட்டுக்கினுதான் எழுதறேன். எழுதத் தெரியாதவங்களுக்குக் காலையில இந்த ஜன்னல்ல எழுதல? அதேதான் இதுவும்.”

அதில் எங்கோ தவறு இருந்தது. ஆனால் அவர் சொன்ன வரிசையில் எந்த இடத்தில் என்று உடனே காட்ட எனக்குத் தெரியவில்லை. “வயசையாவது விட்டுடுங்கக்கா” என்றேன். “கை பழக்கம், தானா வந்துடுது” என்றார். அதோடு விட்டேன். சீட்டு போகாவிட்டால் ‘ஈரத் தீப்பெட்டி’யைப் பாட விடமாட்டார்கள் என்பதும் நான் விட்டதற்கு ஒரு காரணம்.

சேவியர் அந்தச் சீட்டுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தான். ஏ.சி. மெக்கானிக் வேலை படித்தவன். மஸ்கட்டில் இருந்த அவன் சித்தப்பா விசா அனுப்பியிருந்தார். பங்குனியில் போக வேண்டியவன் போகவில்லை. மருத்துவமனை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு டின்னைத் திறந்து காட்டினான்.

“முப்பத்தொண்ணு ஆச்சுக்கா. எட்டு ஊரு. முகையூர்லயே ஆறு பேரு கேக்கறாங்க. இத்தினி பேரை உட்டுட்டு எப்படிப் போறது? இன்னும் ஒரு வருஷம் பாக்கறேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்.”

அக்கா, “நல்லதுடா” என்றார். பிறகு ஜன்னலுக்குத் திரும்பி வெகுநேரம் ரப்பர் ஸ்டாம்பின் தேதியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அது சரியாகத்தான் இருந்தது.

மல்லிகா வைகாசியில் வந்தாள். மூன்று வாரமாக இருமல். சளிப் பரிசோதனைக்கு எழுதியிருந்தார் டாக்டர். மூன்று நாள் காலைச் சளி கொண்டுவர வேண்டும். முதல் இரண்டு நாள் அம்மாவோடு வந்தாள். மூன்றாம் நாள் அண்ணன் மட்டும் டப்பாவைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தான். மூன்றும் பார்த்தேன். காசநோய்க் கிருமி இல்லை. முடிவை அண்ணனிடம் சொன்னபோது அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“மேடம், இங்க வந்தது யாருக்கும் தெரிய வேணாம். நிச்சயம் ஆயிருக்குது. இல்லன்னு வந்தாலும், டெஸ்ட்டுக்குப் போனாளாமேன்னு ஒரு பேச்சு வந்தா முடிஞ்சுது.”

“எங்க ரிஜிஸ்டரை வெளியாளுங்க பாக்க முடியாதுங்க” என்றேன். அது உண்மையில்லை என்பது அடுத்த நாள் வரவேற்பில் சேவியர் வாசித்தபோது தெரிந்தது. அன்று நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். “ஏங்க்கா, அந்தப் பொண்ணா கிடைச்சுது?” அவர் பெட்டியின்மேல் கையை வைத்தபடி, “அதுக்குப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்னு சொல்லுச்சு. சிரிச்சுக்கினே சொல்லுச்சு” என்றார்.

மூன்று வாரமும் ஒன்றும் நடக்கவில்லை. நான் பயப்படுவதை நிறுத்தியிருந்தேன்.

திண்டிவனத்தில் ஒரு கோயில் திருவிழா. வெளிச்சம் வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டதால் பையன்கள் மத்தியானம் மூன்றரைக்கே மேடை ஏறினார்கள். கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிற ஒருவரை அக்கா எப்படியோ பேசி வரவழைத்திருந்தார். அவர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, “பூவுக்குள்ளேர்ந்து மூஞ்சி வர்ற மாதிரி போடட்டுமா?” என்றார்.

“ஒரு பூவும் வேணாம். கறுப்பு வெள்ளையா எடுங்க.”

“இதுல கலருதாங்க வரும். வேணும்னா உங்க ஊட்டு டிவில கலரக் கொறச்சுக்கினு பாருங்க. ஏன் கறுப்பு வெள்ள?”

அக்கா புதுச்சேரிக் கேசட்டைப் பற்றிச் சொன்னார். வீடியோக்காரர் சிரித்தார். “பிரான்ஸ் கேசட்டா? அது நம்ம டெக்குல போட்டா கலரு வராதுங்க. அவங்க சிஸ்டம் வேற. அவனுங்க எடுத்தது கலர்லதான்.”

அக்கா கையிலிருந்த வரிசைச் சீட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு, “நமக்கு வந்து சேந்தது கறுப்பு வெள்ளதானே. அது நல்லாத்தான் இருக்குது” என்றார்.

‘ஈரத் தீப்பெட்டி’ தொடங்கியது. முதலில் கால், அடுத்து டிரம் என்று அக்கா விரலால் காட்டக் காட்டக் கேமரா நகர்ந்தது. குரல் வர வேண்டிய இடத்துக்குச் சற்றுமுன் இரண்டு பேர் படியேறி வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் கிடார் ஒயரைப் பிடுங்கினார்.

“எவன்டா இங்க சேவியரு?”

“நான்தாங்க.”

“மல்லிகாவ உனக்கு எப்படிப் பழக்கம்?”

“யாரு மல்லிகா?” என்றான் சேவியர், உண்மையாகவே தெரியாமல்.

“மைக்குல பேர சொல்லிப் பாடுன இல்ல? ஊரு, வயசு எல்லாம் சொன்ன இல்ல?” பெரியவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். “நான் மாப்ளைக்குத் தாய்மாமன். ஒரு பொண்ணு சினிமாப் பாட்டு கேட்டா நான் ஏன் பேசறேன்? இது ரேடியோல வர்ற பாட்டா? இவனுங்களா எழுதுன பாட்டு. ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் எப்படிடா தெரியும், உன்னத் தெரியாம?”

அந்தக் கேள்வியில் ஓட்டையே இல்லை. கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் எழுந்து முன்னால் வந்தார்கள். டிரம் வாசித்த பையன் குச்சிகளைக் கீழே வைத்தான்.

சேவியர் பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினான். “பாருங்க சார், நெறைய பேரு கேக்கறாங்க. அதுல அவங்களும் ஒருத்தங்க. அவ்ளோதான்.”

மல்லிகாவின் அண்ணன் அந்தச் சீட்டை எடுத்தான். “இது என் தங்கச்சி எழுத்து இல்ல மாமா.”

“அப்ப எவள உட்டு எழுதச் சொன்னா? அதையும் நீயே சொல்லு.”

என்னால் பொறுக்க முடியவில்லை. மருத்துவமனை, ஜன்னல், ஐந்தாவது கேள்வி என்று நான்கு வாக்கியத்தில் இதை முடித்துவிடலாம். ஓரடி முன்னால் வைத்தேன். அப்போது அண்ணன் என்னைப் பார்த்தான். அடையாளம் தெரிந்துகொண்டான். வாய் தாய்மாமனோடு பேசிக்கொண்டே இருக்க, கண் மட்டும் என்மேல் நின்றது. அன்றைக்குச் சுவரில் சாய்ந்த அதே முகம். நான் வாயைத் திறந்தால் ஒரு பழி போய் இன்னொன்று வரும்.

என் மணிக்கட்டைச் சீட்டக்கா பிடித்தார். “கம்முனு இரு.” பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு மேடை ஏறினார். மைக்கைக் கேட்டு வாங்கவில்லை, ஸ்டாண்டுக்கு முன்னால் போய் நின்றார்.

“அந்தச் சீட்ட எழுதுனது நான்.”

“நீ யாரும்மா?”

“இவனுங்க பாட்டு கேக்கறவ. அந்தப் பொண்ண எனக்குத் தெரியாதுங்க. கண்டாச்சிபுரம் பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்துக்கினு வந்துச்சு. பேரு கேட்டேன், வயசு கேட்டேன். சொல்லுச்சு. பாட்டு கேட்டதெல்லாம் நான். அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

நான் அவரைப் பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து கண்டாச்சிபுரத்துக்கு அவர் ஒருநாளும் பஸ் ஏறியதில்லை.

தாய்மாமன் நம்பவில்லை. “பசங்கள காப்பாத்த வந்திருக்கியா? இத்தினி சீட்டுல சரியா இது ஒண்ண மட்டும் நீ எழுதுன, மீதிய ஊரு எழுதுச்சு. அப்டித்தானே?”

அக்கா சேவியரைப் பார்த்தார். அவன் டின்னை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

“எல்லாமே நான்தான் எழுதுனேன்” என்றார். “டின்ன அவங்ககிட்ட குடுடா. ஒவ்வொண்ணா எடுங்க. நான் பாக்காமச் சொல்றேன்.”

தாய்மாமன் ஒன்றை எடுத்து மடக்கிப் பிடித்தார். “முகையூரு.”

“முகையூர்ல ஆறு. பென்சிலா, பேனாவா?”

“பென்சிலு.”

“கோதண்டம். நாப்பத்திரண்டு.”

அடுத்தது. “கண்டமங்கலம், பச்ச மை.”

“ராசாத்தி. அறுபது.”

எதையும் யோசிக்கவில்லை. பெயர், ஊர், வயது, அதே வரிசை. நான்காவது கேள்விக்கான பதிலை மட்டும் சொல்லவில்லை. “எல்லாம் பஸ்ஸுல பாத்தவங்க” என்றார் ஒவ்வொன்றுக்கும். பதினோராவது சீட்டில் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பதினைந்தாவதில் தாய்மாமனும் சிரித்துவிட்டார். சேவியர் மட்டும் ஒவ்வொரு பெயருக்கும் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரியான பாட்டுப் பைத்தியம்மா நீ” என்றார் தாய்மாமன். சீட்டுகளைத் திருப்பிப் போட்டார். “ஊட்டுப் பொண்ணுங்க பேரோட வெளையாடாத. வேற எடமா இருந்தா வெட்டு குத்து ஆயிருக்கும்.”

“தப்புதாங்க” என்றார் அக்கா.

அண்ணன் கடைசியாக இறங்கினான். அக்காவைக் கடக்கும்போது ஒரு நொடி நின்றான். மல்லிகாவின் சீட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

மைக் அணையாமல்தான் இருந்தது. சேவியர் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

“அப்ப அவங்க யாருமே இல்லியாக்கா?”

“இருக்காங்கடா” என்றார் அவர். “கேக்கல. அவ்ளோதான்.”

விழாக்காரர் ஒருவர் படியருகே வந்து, “தம்பி, ஜல்தியா ஒரு சினிமாப் பாட்டு போடுங்கப்பா” என்றார். சேவியர் ஒயரை மாட்டினான், போட்டான். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டார்.

இப்போது நிலவரம் இது. அந்தப் பெண்ணுக்கு ஆவணியில், சொன்ன தேதியில், கல்யாணம் நடந்தது. ஒரு குழந்தை இருக்கிறது. சேவியர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். கிடாரை டிரம் வாசித்த பையனிடம் கொடுத்துவிட்டுப் போனான். சீட்டக்கா அந்த மாதமே தானாக வேலையை விட்டார், டாக்டருக்குக் காரணம் தெரியாது. புதுச்சேரியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருக்கிறார். பாட்டுக் கச்சேரிகளுக்குப் போகிறார், சீட்டு எழுதுவதில்லை. வீடியோ கேசட் என்னிடம் இருக்கிறது. வீடியோக்காரர் கேமராவை அணைக்க மறந்துவிட்டதால் எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. டெக் வாடகைக்கு எடுத்து இரண்டு முறை, கலரைக் குறைத்துவைத்துப் பார்த்தேன். அவர் அதில் சொல்லும் பஸ் கதை பொய் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்: அவர், மல்லிகாவின் அண்ணன், நான்.

இல்லாத ஆளின் பெயரை எழுதுவது பொய் என்பது அவர் கட்சி. இதில் மல்லிகா, கோதண்டம், ராசாத்தி, சேவியர் எல்லாம் நான் இட்ட பெயர்கள். வயதுகளையும் மாற்றியிருக்கிறேன், ஊர்களை இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன். அவருக்கு மட்டும் பெயர் இடவில்லை.